ஐம்பத்தாறு டிகிரி, அரை மணி நேரம்

ஸ்டெல்லா பார்த்தபோது அந்த வண்டு முத்திரையின் மேலேயே உட்கார்ந்திருந்தது. கொரியாவிலிருந்து இயந்திரங்களைச் சுமந்து வந்த பைன் மரப் பெட்டிகளைப் பிரித்து, கட்டை வேறு பலகை வேறாகப் பழைய மரம் விற்கும் யார்டில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டையிலும், சூடேற்றிப் பூச்சி நீக்கிய மரம் என்பதற்கு அத்தாட்சியாக, கோதுமைக் கதிர் போட்ட முத்திரை, கொரியாவில் குத்தியது ஒன்று, இந்த யார்டில் குத்தியது ஒன்று. யார்டுக் கதிரின் மேல், உடம்பைவிட இரண்டு பங்கு நீளமான மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு பழுப்பு வண்டு. நெஞ்சழுத்தம் என்றால் அது நெஞ்சழுத்தம்.

பக்கத்தில் பென்சில் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டையின் வாயில் புதுத் தூள். எங்கிருந்தோ பறந்து வந்து உட்கார்ந்த வண்டு இல்லை இது. இந்தக் கட்டைக்குள்ளேயே வளர்ந்து, கடித்துக்கொண்டு வெளியே வந்தது.

பத்து நாள் லீவு முடிந்து அந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேலூரில் அக்கா மகள் கல்யாணம். பூனாவில் கட்கியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஜூன் மழையில் பாதி நனைந்து ஹடப்சர் வந்து சேர்ந்து, யார்டில் எல்லோருக்கும் கொடுக்கக் கொண்டுவந்த அதிரசப் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. அதற்குள் இது.

அந்த யார்டின் சூட்டறைக்கு ஆபரேட்டர் ஸ்டெல்லா. முதலில் பில் போடத்தான் வந்தாள். பிறகு பரீட்சை எழுதி, மும்பையில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து, தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினாள். அவள் படித்த பாடத்தின் சாரம் ஒரே வரி. மரத்தின் நடு வயிறு வரைக்கும் ஐம்பத்தாறு டிகிரி சூடு ஏற வேண்டும், ஏறின சூடு அரை மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால் உள்ளே இருக்கிற வண்டும் முட்டையும் புழுவும் மிஞ்சாது. அதற்கப்புறம்தான் முத்திரை. இங்கே முத்திரையும் இருக்கிறது, வண்டும் இருக்கிறது. ஒன்று, இந்த வண்டு சாகாவரம் வாங்கி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முத்திரை பொய். வரம் வாங்கின வண்டை ஸ்டெல்லா இதுவரைக்கும் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து, ஊறுகாயை டிபன் மூடியில் கொட்டிவிட்டு, வண்டைப் பாட்டிலுக்குள் தள்ளி மூடினாள்.

சேம்பர் என்று எல்லோரும் சொல்கிற சூட்டறைக்குப் பக்கத்தில் கலியன் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மரம் ஏற்றுவது, இறக்குவது, பொத்தானை அழுத்துவது அவன் வேலை. அவனும் கட்கிதான். அவன் அப்பாவும் ஸ்டெல்லாவின் அப்பாவும் வெடிமருந்து ஃபேக்டரியில் ஒரே ஷிஃப்ட். அந்தப் பழக்கத்தில்தான் இவனை இங்கே சேர்த்துவிட்டவளே அவள்.

“கலியா, வெளிய அடுக்கி இருக்குதே, இருபத்திரெண்டாம் பேட்ச். அத எப்ப சேம்பர்ல ஏத்துன?”

“சனிக்கெழம, ஸ்டெல்லாக்கா. கல்யாணம்லாம் ஜோரா ஆச்சா?”

“கல்யாணத்த அப்பறம் பாக்கலாம். கிராஃப் எங்க?”

“ஃபைல்ல வச்சிருக்கேன். பர்ஃபெக்டா வந்திருக்கு.”

பர்ஃபெக்டாகத்தான் வந்திருந்தது. மரத்தில் துளை போட்டுச் செருகுகிற நாலு சென்சார் ஒயர்கள் காட்டும் சூட்டை, கம்ப்யூட்டர் நாலு கோடாகப் போட்டுக் கொடுக்கும். நாலும் ஐம்பத்தாறுக்கு மேலே, அரை மணிக்கும் அதிகமாக. போன வாரத்து இரண்டு பேட்சுக்கும் அப்படியே. ஸ்டெல்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கோடு அறுபத்தெட்டில் தொடங்கி, மெல்ல மெல்ல அறுபதுக்கு இறங்கியிருந்தது. சூட்டறையில் வைத்த மரம் சூடேறிக்கொண்டு போகும். அதுவும் மழைக்காலத்து ஈரக்கட்டை ஐம்பத்தாறைத் தொட நாலு மணி நேரம் எடுக்கும், நம்மைப் பாடாய்ப் படுத்தும். இந்த மரம் வைத்த நிமிஷமே கொதித்து, பிறகு ஆறிக்கொண்டே போயிருக்கிறது.

சூட்டறையின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஜில்லென்று இருந்தது. காற்றாடியின் றெக்கைக்கு நடுவில் சிலந்தி வலை கட்டியிருந்தது. சென்சார் ஒயர் நாலும் தரையோடு ஓடி, மூலையில் நின்ற ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க்கின் வாய்க்குள் இறங்கியிருந்தன. வாயைச் சுற்றித் துணி அடைத்திருந்தது. துணியை உருவிவிட்டு முகர்ந்து பார்த்தாள். வெந்நீர் வைத்த ஃபிளாஸ்க். இஞ்சி டீ வாசனை இன்னும் போகவில்லை.

“இது உன் ஃபிளாஸ்க்தானே?”

கலியன் தலையைச் சொறிந்தான். “ஹீட்டர் காயில் எரிஞ்சு போச்சுக்கா. நீங்க போன மறுநாளே. புது காயில் வர பதினஞ்சு நாளு ஆகும்னுட்டாங்க. சார்தான் சொன்னாரு, கிராஃப் வர மாதிரி ஏதாவது பண்ணுன்னு.”

“சார் சொன்னாரு, நீ பண்ணிட்ட. ஜொரம்னு பொய் சொல்லி ஸ்கூலுக்கு லீவு போட, தர்மாமீட்டர டீயில முக்குற புள்ளைங்க இருக்குதே, அந்த வேலை இது. உனக்கு அம்பது வயசு ஆகுது.”

“நாப்பத்தெட்டுக்கா.”

“வாய மூடு. எத்தனை லோடு இப்படிப் போச்சு?”

“ரெண்டு. மொத லோடு போன திங்கக்கெழம போச்சு. சனிக்கெழம காலைல இஸ்மாயில் பாய் வண்டில ரெண்டாவது. வெளிய கீறது மூணாவது, நாளைக்கிப் போவணும்.”

“எல்லாம் ஹிமாச்சலுக்கா?”

“ஆமாக்கா. அந்த ஆப்பிள் பெட்டிக்காரருக்கு.”

பழம் ஏற்றிவர மலைக்கு வெறும் வண்டியாகப் போகிற லாரிகளில் இந்தப் பழைய பைன் மரத்தை அனுப்பலாம் என்று முதலாளி கோவிந்தராஜன் கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. சிம்லாவுக்கு மேலே ஒரு மரக்கடைக்காரர் வாங்கி, அறுத்து, ஆப்பிள் பெட்டி அடிக்கிறார். வெளிநாட்டு மரம், அதனால் சூடேற்றின சர்ட்டிபிகேட் இல்லாமல் அந்த மனுஷன் லோடைத் தொடமாட்டார். அப்படி ஒரு ஒழுங்கு. அந்த ஒழுங்கை நம்பித்தான் ஸ்டெல்லாவும் இந்த வியாபாரத்துக்குத் தலையாட்டினாள்.

“சர்ட்டிபிகேட் இல்லாம எப்படிப் போச்சு? நான் ஊர்லயே இல்லையே.”

கலியன் மெதுவாக, “நீங்கதான்க்கா போட்டு வச்சிட்டுப் போனீங்க,” என்றான்.

ஆமாம். அவள்தான் போட்டு வைத்துவிட்டுப் போனாள். லீவில் போகிற ஆபரேட்டர் வெற்று சர்ட்டிபிகேட்டுகளில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிட்டுப் போவது அந்த யார்டின் பழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பேட்ச் நம்பரும் தேதியும் பிறகு எழுதிக்கொள்வார்கள். லாரி காத்திருக்கக் கூடாது, சாருக்கு நஷ்டம் வரக் கூடாது, அவளுக்கும் நல்ல பெயர். ஆறு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முத்திரை அலமாரியின் சாவியையும் கலியன் கையில் கொடுத்துவிட்டு, மல்லிகைப் பூவும் பட்டுப் புடவையுமாக ரயிலேறிப் போனாள். இப்போது தன் தலையில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

இதில் அவளுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று யாராவது கேட்டால், மும்பைப் பயிற்சியில் பார்த்த படத்தைத்தான் சொல்லவேண்டும். அங்கே ஓர் அதிகாரி திரையில் ஒரு மலையைக் காட்டினார். மலை முழுக்கத் துருப்பிடித்த நிறம். இலையுதிர் காலத்து அழகு என்று எல்லோரும் நினைத்தார்கள். “அழகு இல்லை, பிணம்,” என்றார் அவர். பைன் மரம் வாடிச் சாகிற நோய். கண்ணுக்குத் தெரியாத நூல்புழு ஒன்று. அதற்குக் காலும் இல்லை, றெக்கையும் இல்லை. அதைச் சுமந்து போவது இந்த நீள மீசை வண்டு. செத்த மரத்துக்குள் வண்டு வளர்கிறபோதே, அது மூச்சு விடுகிற குழாய்களுக்குள் ஆயிரக்கணக்கில் புழுக்கள் ஏறிக்கொள்ளும். வெளியே வந்த வண்டு, பக்கத்தில் நல்ல பைன் மரத்தைத் தேடிப் போய் இளங்கொம்பைக் கடிக்கும். கடித்த காயத்தில் புழு இறங்கும். அவ்வளவுதான். வேரிலிருந்து தண்ணீர் ஏறுகிற வழி அடைபட்டு, ஆடியில் பச்சையாக நின்ற மரம் ஐப்பசிக்குள் காய்ந்துவிடும். அந்தச் செத்த மரத்தில் வேறு வண்டு வந்து முட்டை வைக்கும். மரத்திலிருந்து மரம், மலையிலிருந்து மலை. மருந்து கிடையாது, வெட்டிக் கொளுத்துவது ஒன்றுதான் வழி. நம் நாட்டுக்குள் இன்னும் வரவில்லை, வந்தால் உங்களைப் போன்றவர்களின் சூட்டறை வழியாகத்தான் வரும் என்று அந்த அதிகாரி சொன்னபோது, பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

பாட்டிலை எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

கோவிந்தராஜன் கோயம்புத்தூர்க்காரர். விமான் நகரில் ஐ.டி. கம்பெனியில் இருந்தார். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்து, இருந்ததையெல்லாம் போட்டு இந்த யார்டை ஆரம்பித்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் அவரே போய்த் துணி எடுத்து வருவார். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது.

“வாங்க ஸ்டெல்லாம்மா. கல்யாணமெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?”

அவள் பாட்டிலை அவருடைய லேப்டாப்பின் மேல் வைத்தாள்.

“என்னுங்க இது?”

“இருபத்திரெண்டாம் பேட்ச் சார். உயிரோட இருக்கு.”

அவர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“காயில் போயிருச்சுங்க. ஹிமாச்சல்காரருக்குத் தேதி குடுத்தாச்சு. நான் என்ன பண்ணட்டும்? இந்தக் கட்டையெல்லாம் கொரியாவுலயே சூடு பண்ணி முத்திரை குத்தித்தானுங்க வந்துருக்குது. வெந்த சோத்தை எதுக்குங்க மறுக்கா அடுப்புல ஏத்தோணும்?”

“வெந்த சோத்துல புழு நெளியுமா சார்?”

“ஒரே ஒரு வண்டுங்க.”

“நான் பாத்தது ஒண்ணு. பைய கீழ வைக்கறதுக்குள்ள கண்ணுல பட்டது. கட்டைய திருப்பிப் பாத்தா எத்தனை ஓட்டை கீதோ.”

“சரி, இருக்கட்டும். அது மரத்துல இருக்கற சாதாரண வண்டா இருக்கலாம்ல? அதுக்குள்ள அந்தப் புழு இருக்குதுன்னு நீங்க பார்த்தீங்களா?”

“பாக்கல. இல்லன்னு நீங்க பாத்தீங்களா?”

கோவிந்தராஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “பூனாவுல பைன் மரமே கெடையாதுங்க. கடக்வாஸ்லா வரைக்கும் போய்த் தேடுனாலும் ஒண்ணும் இருக்காது. இங்க இது பட்டினி கெடந்து சாகும்.”

“இங்க செத்துடும் சார். லோடு இங்கயா கீது? அங்க மலை பூரா அந்த மரம்தான். நீங்கதானே போன வருஷம் குடும்பத்தோட போய் ஃபோட்டோ எடுத்து குரூப்ல போட்டீங்க. மரத்தக் கட்டிப் புடிச்சிட்டு நின்னீங்களே.”

அவருக்குச் சுரீரென்று பட்டிருக்கவேண்டும். முகம் இறுகியது, ஆனால் குரல் ஏறவில்லை. கொங்கு மரியாதை கடைசிவரைக்கும் குறையாது.

“ஸ்டெல்லாம்மா, நாஞ் சொல்றது உங்க நல்லதுக்குத்தானுங்க. மூணாவது லோடை நிறுத்திக்கலாம். காயில் வந்ததும் சூடு பண்ணிக்கலாம். போன ரெண்டும் போனதாவே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா மொதல்ல கேக்கறது என்னையல்ல. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குது. கையெழுத்து உங்க கையெழுத்து. வெத்துத் தாள்ல போடச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பனுங்களா?”

சொல்லவில்லைதான். அவர் எதையும் சொல்கிறவர் இல்லை. ஸ்டெல்லாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. இந்த மனுஷன் சொல்லாமலே கலியன் ஃபிளாஸ்க் வைப்பான், சொல்லாமலே ஸ்டெல்லா கையெழுத்துப் போடுவாள், எல்லாம் நடந்து முடிந்த பிறகு இவர் கை மட்டும் சுத்தமாக இருக்கும்.

“இங்க இருபத்தியோரு குடும்பம் பொழைக்குதுங்க,” என்றார் அவர்.

“அதுல என் குடும்பமும் ஒண்ணு சார். எனக்கு எண்ணத் தெரியும்.”

வெளியே வந்து இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள். மழை தகரக் கூரையில் கொட்டியதில் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேச முடிந்தது. இஸ்மாயில் சொந்த லாரிக்காரன். ஆம்பூர்க் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பூனாவில். யார்டுக்கு வந்தால் ஸ்டெல்லா டப்பாவில் மீன் குழம்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் லோடு ஏற்றுவான்.

“இஸ்மாயிலு, எங்க கீற?”

“குவாலியர் தாண்டி ஒரு தாபால நிக்கிறேன்க்கா. இப்பதான் நாஷ்டா முடிச்சேன். என்னா விஷயம்?”

“அங்கயே நில்லு. லோட மலைக்கு ஏத்தாத.”

அவள் விஷயத்தைச் சொன்னாள். வண்டு, புழு, ஃபிளாஸ்க், எதையும் மறைக்கவில்லை.

“சாரு என்னா சொல்றாரு?”

“அவரு போகட்டும்னுதான் சொல்வாரு.”

“அப்ப நான் யாரு பேச்ச கேக்கறது? பாருங்கக்கா, நான் உங்கள தப்பு சொல்லல. எங்கிட்ட இருக்குற காகிதத்துல உங்க சைனு கீது, மரம் ஓகேன்னு. செக்போஸ்ட்ல அததான் காட்டறேன். பாதி வழில லோட நிறுத்திட்டன்னு பார்ட்டி என் மேல கேஸு போட்டா, ஸ்டெல்லாக்கா போன்ல சொன்னாங்கன்னு சொல்ல முடியுமா? அந்தக் காகிதம் ஜூட்டு, பொய்னா, ஜூட்டுன்னு இன்னொரு காகிதம் குடுங்க. உங்க சைனு போட்டு. அது வந்துச்சுன்னா, யாரு சொன்னாலும் நான் வண்டிய எடுக்க மாட்டேன்.”

“எத்தனை மணிக்குக் கிளம்பப் போற?”

“பத்து நிமிஷம். சாரு காலைலருந்து ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு, சீக்கிரம் போ, சீக்கிரம் போன்னு.”

நியாயமாகத்தான் கேட்டான். நியாயமாகக் கேட்டதுதான் அவளைக் கொன்றது. அந்தத் தாளை எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போகும். போலீஸ் வரைக்கும் கூடப் போகலாம். புருஷன் அமல்ராஜுக்கு முதுகு வலி வந்து ஆறு மாதமாக வேலை இல்லை. வீட்டில் வருகிற ஒரே சம்பளம் இது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்த யார்டு இவளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்? எழுதாமல் விட்டால் பத்து நிமிஷத்தில் லாரி கிளம்பும், நாளை மறுநாள் மலை ஏறும், தார்ப்பாயை அவிழ்ப்பார்கள். யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து ஒரு மலை துருப்பிடித்துப் போகிறபோது, எந்த லாரியில் எந்தக் கட்டையில் வந்தது என்று யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்?

அந்தக் கடைசி நினைப்பு வந்ததும் தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கோவிந்தராஜன் கணக்குப் போட்டதும் இதே நினைப்பை வைத்துத்தானே.

மேஜையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, செக்போஸ்ட்காரனுக்கும் புரியட்டும் என்று இந்தியில் எழுதினாள். கீழ்க்கண்ட இரண்டு சர்ட்டிபிகேட்டுகளும் பொய். மரம் சூடேற்றப்படவில்லை, சென்சார் ஒயரை வெந்நீர் ஃபிளாஸ்க்கில் வைத்துக் கிராஃப் எடுத்தது. நான் வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டேன். மரத்திலிருந்து வண்டு உயிரோடு வெளியே வருகிறது. இந்த லோடை எந்தப் பைன் காட்டுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகக் கூடாது. இரண்டு லாரிகளின் நம்பர், தேதி, லைசென்ஸ் நம்பர்.

கலியன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். இந்தி அவனுக்குப் படிக்க வரும்.

“எம்பேரு வேணாம்க்கா. வீட்ல பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம்.”

“உன் பேர எழுதல. உன் ஃபிளாஸ்க்க எழுதிருக்கேன். போய் அது எங்க இருந்துதோ அங்கயே வச்சு, ஒயரும் தெரியற மாதிரி ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வா. இந்த ஒரு வேலையாவது ஒழுங்கா செய்.”

போனான். எடுத்துக்கொண்டு வந்தான். தாளின் படத்தையும் ஃபிளாஸ்க்கின் படத்தையும் வண்டின் படத்தையும் இஸ்மாயிலுக்கு அனுப்பினாள். பயிற்சியில் கொடுத்திருந்த விலாசத்துக்கு, மும்பையில் இருக்கிற தாவர நோய்த் தடுப்பு அலுவலகத்துக்கும் அனுப்பினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கோவிந்தராஜனுக்கும் அனுப்பினாள். முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று அந்த மனுஷன் சொல்லக் கூடாது.

இரண்டு நிமிஷத்தில் அவர் குடை கூட இல்லாமல் மழையில் நடந்து வந்தார். கையை நீட்டினார்.

“அந்தப் போனைக் குடுங்க. அழிச்சிரலாம்.”

“எல்லாருக்கும் போயிடுச்சு சார். போனை வச்சிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க?”

நனைந்த சட்டையோடு அவர் அங்கேயே நின்றார். “நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்.”

“வருவேன். ஆபீசருங்க வந்து சேம்பரத் தொறக்கச் சொன்னா யாரு தொறப்பாங்க? கலியனா? அவன் அவங்களுக்கு அந்த ஃபிளாஸ்க்லயே டீ போட்டுக் குடுத்துடுவான்.”

கலியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளி திரும்பிப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான். கோவிந்தராஜன் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். அறைக்குள்ளிருந்து யாரோ வக்கீலிடம் அவர் ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது. பேசட்டும்.

போன் அதிர்ந்தது. இஸ்மாயில் குரலை அனுப்பியிருந்தான். “காகிதம் வந்துச்சுக்கா. தாபாக்காரன் இடத்துல வண்டிய ஓரங்கட்டிட்டேன். தார்ப்பாய டபுளா போட்டு ஈ எறும்பு வெளிய வராத மாதிரி கட்டிட்டேன். சுத்தி வயலுதான், உங்க மரம் ஒண்ணு கூட இல்ல. ஆபீசருங்கள வரச் சொல்லுங்க. நான் இங்கயே கீறேன்.”

ஸ்டெல்லா அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒன்றைப் பிடித்துவிட்டாள். இன்னும் ஒன்று. அதற்கு அந்த ஹிமாச்சல் மரக்கடைக்காரரிடம் பேச வேண்டும். தாக்கூர்ஜி என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். இவளிடம் போன வருஷம் ஒரு தடவை பேசியிருக்கிறார், சர்ட்டிபிகேட்டில் ஒரு தேதி தெளிவாக இல்லை என்று. அவ்வளவு ஜாக்கிரதையான மனுஷன்.

முதல் மணியிலேயே எடுத்தார். அங்கே வெயில் போலிருக்கிறது, குரலிலேயே தெரிந்தது. இருவரும் இந்தியில் பேசினார்கள்.

“சொல்லுங்க பெஹன்ஜி. லோடா? சனிக்கிழமையே வந்து இறங்கிடுச்சு. அருமையான மரம். பாதியை அறுத்துப் பெட்டி அடிச்சாச்சு.”

“மீதி எங்கே இருக்கு?”

“வெளியே அடுக்கி வச்சிருக்கோம், காத்தாட.”

“தாக்கூர்ஜி, அதை உடனே மூடுங்க. ஒரு துண்டு விடாமல் மூடுங்க. சூடு பண்ணாத மரம் அது. என் கையெழுத்து பொய். அதுக்குள்ளே வண்டு இருக்கு.”

அந்தப் பக்கம் அவர் கோபப்படுவார், கத்துவார், கேஸ் போடுவேன் என்பார் என்று எதிர்பார்த்துத் தன்னைத் தயார் பண்ணிக்கொண்டாள். அவர் சிரித்தார்.

“அதுவா? நீள மீசைக்காரன்தானே? நேத்து ஞாயித்துக்கிழமை வெயில் அடிச்சதும் ஒண்ணொண்ணா வெளியே வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்க பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மீசையில் நூலைக் கட்டிப் பறக்க விட்டுட்டு இருந்தாங்க. பாவம், வாயில்லா ஜீவன், எதுக்கு வதைக்கிறீங்கன்னு நான்தான் திட்டி, எல்லாத்தையும் அவிழ்த்து விடச் சொன்னேன்.”

அன்று முழுக்க அவளுக்குத் திட்டுவதற்கு ஆள் இருந்தது. இவரை என்ன சொல்லித் திட்டுவது?

“எந்தப் பக்கம் பறந்து போச்சு, தாக்கூர்ஜி?”

“எந்தப் பக்கம்னா என்ன சொல்ல? எங்க கடையைச் சுத்தி நாலு பக்கமும் காடுதானே. அத்தனையும் பைன். நீங்க ஒரு தடவை குடும்பத்தோட வந்து பாருங்க பெஹன்ஜி. இப்பதான் புதுக்கொம்பு விட்டிருக்கு, கண்ணுக்கு அவ்வளவு பச்சையா இருக்கு.”